கேட்டுக்கொண்டே இருந்தோம், காதுகொடுக்கவில்லை

கார் வைத்திருக்கிறவர்களே, கார் ஓட்டிப் பிழைக்கிறவர்களே, பின்சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு போகிறவர்களே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம், காலடியில், ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அதைக் கேளுங்கள். நேற்றும் வந்தது. போன மாதமும் வந்தது. ரோடு சரியில்லை என்றோம். சம்பளம் வரட்டும் என்றோம். தீபாவளி கழியட்டும் என்றோம். நாம் நாள் கடத்தினோம்; தேய்மானம் ஒரு நாளும் லீவு போடவில்லை.

எனக்குத் தெரியாதே என்று சொல்லித் தப்பிக்கலாம் என எண்ணாதீர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 190ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்தான பழுதோடு வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட விடுகிறவரும் அதில் குற்றவாளி. பழுதை அறிந்திருந்தால்தான் குற்றம் என்றில்லை. சாதாரணக் கவனம் இருந்தால் அறிந்திருக்கலாம் என்றாலே குற்றம். அந்தப் பழுதால் ஒருவருக்குக் காயம் பட்டால் 3 மாதம் வரை சிறை உண்டு. டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கை கழுவும் டிராவல்ஸ் முதலாளிகளே, இது உங்களுக்கும்தான்.

அந்த ‘டொக்’ எங்கிருந்து வரலாம் தெரியுமா? முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் நுனியில் பால் ஜாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன இரும்பு உருண்டை. மேலே ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் மழைத்தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், கிரீஸ் வற்றும், உருண்டையும் குழியும் ஒன்றையொன்று தின்னும். முதலில் நூலளவு ஆட்டம். பிறகு விரலுக்குத் தெரிகிற ஆட்டம். ஒரு நாள் உருண்டை குழியை விட்டுக் கழன்றுவிடும். அந்த நொடியில் சக்கரம் சாய்ந்து மடங்கும், வண்டியின் மூலை தரையில் இறங்கும். ஸ்டியரிங் கையில் இருக்கும். வண்டி உங்கள் கையில் இருக்காது.

எல்லாச் சத்தமும் பால் ஜாயிண்ட் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பல வண்டிகளில் அது ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடாகத்தான் இருக்கும். ஒரு சிறு தொகையில் முடிந்துவிடும். ஆனால் உயிரை எடுக்கும் ‘டொக்’கும் எடுக்காத ‘டொக்’கும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். அதனால்தான் விசாரிக்கச் சொல்கிறேன். இன்றே விசாரிக்கச் சொல்கிறேன்.

விசாரணைக்குப் பெரிய படிப்பு வேண்டாம். சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது ‘லொட லொட’ என்றால் லிங்க் ராடையோ ஸ்டெபிலைசர் புஷ்ஷையோ சந்தேகியுங்கள். முன்னால் போய் பிரேக், ரிவர்ஸில் வந்து பிரேக். இரண்டிலும் ஒரே ஒரு கனத்த அடி விழுந்தால் லோயர் ஆர்ம் புஷ். வண்டி நிற்கும்போது ஒருவரை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட் மவுண்டின் தலையில் கை வையுங்கள். மவுண்ட் கெட்டிருந்தால் ஸ்பிரிங் துள்ளி விழுவது கைக்குத் தெரியும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சத்தம் அடங்கினால் பிரேக் பேடு, காலிப்பர் பக்கம் பாருங்கள். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘கட கட’ என்றால் அது ஆக்ஸில் ஜாயிண்ட், வேறு வழக்கு.

பிறகு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ பேசும். இடமும் வலமுமாக ஆட்டினால் டை ராடு எண்டு பேசும். இதில் ஒரு சூது உண்டு. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ராடு ஆடாமல் நல்ல பிள்ளையாக நிற்கும். அதைச் சோதிக்க நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

தாமதம் ஒரு பாவம் என்றால், கண்டுபிடிக்காமல் கழற்றி மாட்டுவது அதன் தம்பி. நானே செய்திருக்கிறேன். சத்தம் கேட்ட பயத்தில் இரண்டு ஷாக் அப்சார்பரை மாற்றினேன்; சத்தம் போகவில்லை. ஸ்டெப்னி வீலுக்கு அடியில் கழன்று கிடந்த வீல் ஸ்பேனர்தான் அத்தனை நாளும் தாளம் போட்டிருக்கிறது. சிரிக்கலாம். ஆனால் அந்தப் பணம் போனது போனதுதான்.

பட்டறைக்காரர்களே, உங்கள் கையை நம்பித்தான் முன்பின் தெரியாத குடும்பங்கள் ரோட்டில் போகின்றன. தேய்ந்த பால் ஜாயிண்டை அடித்து இறுக்கி மறுபடி மாட்டாதீர்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை, வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். தரையில் இறக்கி, பாரம் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும். டை ராடைத் தொட்டால் வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் அவசரப்படுவார். நீங்கள் அவசரப்படாதீர்கள்.

நாளை விடியலில் வீட்டோடு கொல்லிமலைக்குக் கிளம்புகிறவர்களே! அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வளைவுக்கு வளைவு ஸ்டியரிங் மடங்கும். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக் விழும். அத்தனை பாரமும் முன் சக்கரத்தில், அந்தச் சின்ன உருண்டையில். இன்று சாயங்காலமே பட்டறைக்கு விடுங்கள். பட்டறை பூட்டியிருக்கிறதா? எதையாவது தள்ளிப்போட்டே தீர வேண்டும் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்கும் மனம் வரவில்லையா, நாமக்கல்லிலிருந்து மலைக்குப் பஸ் போகிறது.