கையால் வரைந்த கணினி

1986இல் 'விக்ரம்' படம் வந்தபோது, ராஜபாளையம் கொட்டகைகளில் கூடியவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? எழுத்தாளர் சுஜாதாவின் கதை, நடிகை லிசி அதில் கணினி நிபுணர். விசையைத் தட்டினால் திரை பதில் சொல்லும் என்பதை, மில் ஷிப்டு முடித்துப் பஞ்சுத்தூசியோடு வந்தவருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்கு முன் வந்த ஆங்கில விஞ்ஞானப் படங்களில் அந்தக் கணினித் திரைக்குப் பின்னால் பெரும்பாலும் எந்தக் கணக்கும் நடக்கவில்லை. 1968இல் வெளியான, இயக்குநர் குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில், முன்பே வரைந்து படம்பிடித்ததைத்தான் 16 மி.மீ. புரொஜெக்டர்கள் பின்னாலிருந்து ஓட்டின. 1981இன் 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்' இன்னும் வேடிக்கை. கிளைடரின் திரையில் நகரம் வெறும் கோடுகளாக விரிய வேண்டும். கம்ப்யூட்டரில் செய்யக் கட்டுபடியாகவில்லை. கட்டடங்களைச் சின்னதாகச் செய்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, விளிம்புகளில் மட்டும் ஒளி தெறிக்கும் டேப்பை ஒட்டி, நடுவே கேமராவை நகர்த்தினார்கள். கறுப்பு இருளோடு போயிற்று, கோடுகள் நின்றன. டேப் ஓரிடத்தில் கோணியிருந்தால் கம்ப்யூட்டர் பொய்த்திருக்கும்.

நம் பக்கத்து நூற்பாலைகளில் இயந்திரம் கையின் வேலையைப் பழகியது. அந்தப் படங்களிலோ கை, இயந்திரமாக நடிக்கப் பழகியிருக்கிறது. அதுவும் மலிவு என்பதற்காக!

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைச் சூடி ஆண்டாள் அழகு பார்த்தது அதில்தான் என்பது ஐதீகம். கிணற்றுக்கு மாலையும் தெரியாது, பெருமாளும் தெரியாது. எட்டிப் பார்த்தவளின் ஆசைதான் எல்லாம். சினிமாக் கணினியும் அந்த ஜாதி. தடுமாறாத, அலுக்காத, கேட்டதும் பதில் தரும் ஓர் அறிவு வேண்டும் என்ற ஏக்கம் நமக்கு ஏற்கெனவே இருந்தது. வரைந்தவர்கள் அதற்கு ஒரு முகம் கொடுத்தார்கள். கருவி பிறகு வந்தது.

2011இல் ஐபேடின் வடிவத்துக்காக ஆப்பிள் வழக்காடியபோது, சாம்சங் எதிர்ச்சான்றாக வைத்தவற்றில் 'ஒடிஸி' காட்சியும் ஒன்று: விண்வெளி வீரர்கள் சாப்பிட்டபடி தட்டையான பலகைகளில் செய்தி பார்க்கிறார்கள். படமாக்கியபோது அந்தப் பலகைகளை மேஜையிலிருந்து எடுக்கவே முடிந்திருக்காது. அடியில் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருந்தது.