கடலை மறைத்த சுவர்

இங்கிலாந்தின் வடகிழக்கு ஓரத்தில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே, நார்தம்பர்லாந்து கடற்கரையை அடுத்து லிண்டிஸ்ஃபார்ன் என்ற சிறு தீவு இருக்கிறது. அதை எந்நேரமும் தீவு என்று சொல்லிவிட முடியாது. கடல் வற்றும்போது கரையோடு சேர்ந்துகொள்ளும், ஏறும்போது பிரிந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை இது நடக்கிறது. கரையையும் தீவையும் இணைக்கும் சாலை 1954இல் வந்தது. ஏற்ற நேரத்தில் அந்தச் சாலையே கடலுக்குள் போய்விடும். நேர அட்டவணையைப் பார்க்காமல் காரை விட்டவர்கள் நடுவழியில் மாட்டிக்கொள்வது இன்றும் நடக்கிறது. அவர்களுக்காகவே சாலையோரம் கால்கள் நட்டு உயரத்தில் ஒரு தஞ்சக் கூண்டு கட்டியிருக்கிறார்கள். அதில் ஏறி உட்கார்ந்து, கடல் வற்றும்வரை தன் வண்டி மூழ்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கோடையில் இந்தப் பக்கம் தனியாக வருபவரின் பயணம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். பெரிக் ரயில் நிலையத்தில் இறங்கி, லிண்டிஸ்ஃபார்னில் ஓரிரவு தங்குவார். தார்ச்சாலை வேண்டாம் என்பவர், மணலில் வரிசையாக நட்டிருக்கும் கம்பங்களை அடையாளமாக வைத்து, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறும் மணலுமாக ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நடந்து வருவார். பழைய யாத்திரிகர் வழி அதுதான். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். மறுநாள் தெற்கே சீஹவுசஸ் துறையில் படகேறினால் ஃபார்ன் தீவுகள். பாறைகளில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் படுத்துக்கிடக்கும். வண்ண அலகில் மீனைக் குறுக்காகக் கவ்வியபடி பஃபின் பறவைகள் பறக்கும். உள் ஃபார்ன் தீவில் ஒரு மணி நேரம்போல் இறங்கி நடக்கலாம். அங்கே ஆர்க்டிக் ஆலாக்கள் நடைபாதை ஓரத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கும். கிட்டே போனால் தலையில் கொத்தும். சில நேரம் இரத்தமே வந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் தொப்பி இல்லாமல் இறங்குவதில்லை.

இப்படி வருகிறவர்களில் பலருக்குத் தேவாலயத்தோடு உறவு ஏதும் இருப்பதில்லை. ஆனாலும் திரும்பும்போது மனம் லேசானது, தன்னைவிடப் பெரிய ஒன்றின் முன் நின்றதுபோல இருந்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். இதை ஆன்மிக அனுபவம் என்று கொள்ளலாமா? தனிமையும் கடலும் தீவும் சேர்ந்தால் மனிதன் கடவுளுக்குப் பக்கத்தில் போகிறானா? இந்தக் கேள்விக்கு உள் ஃபார்னிலேயே ஒரு விடை உண்டு. 1,300 ஆண்டுகளுக்கு முன் அங்கே தனித்து வாழ்ந்த துறவி ஒருவர் அதைக் கல்லாலும் புல்கரணையாலும் கட்டி வைத்தார்.

அவர் பெயர் கத்பர்ட். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள ஐயோனா தீவில் 563இல் கொலம்பா என்ற அயர்லாந்துத் துறவி ஒரு மடம் தொடங்கினார். அங்கிருந்து எய்டன் என்பவர் 635இல் லிண்டிஸ்ஃபார்னுக்கு வந்து இன்னொரு மடத்தை நிறுவினார். பிற்காலத்தில் அந்த மடத்தை நடத்தும் பொறுப்பில் இருந்த கத்பர்ட், 676இல் அதை விட்டு உள் ஃபார்னுக்குப் போனார். அவருடைய வரலாற்றைச் சுமார் 721இல் பீட் என்ற துறவி இலத்தீனில் எழுதினார். அவர் கட்டிய குடிலைப் பற்றிப் பீட் தரும் விவரம் நுணுக்கமானது. ஏறக்குறைய வட்ட வடிவம். செதுக்காத கற்களும் புல்கரணைகளும் அடுக்கிய சுவர். சில கற்கள் நான்கு ஆள் சேர்ந்தாலும் தூக்கக் கடினமானவை. வெளியே நிற்பவருக்குச் சுவர் ஆளுயரத்துக்குச் சற்று மேல். உள்ளே பாறையை வெட்டித் தரையைத் தாழ்த்தியிருந்ததால், உள்ளிருப்பவருக்கு அது இன்னும் உயரம். ஏன் இந்த ஏற்பாடு? கண்ணும் மனமும் அலையக் கூடாது. வானத்தைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது.

நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தைத் தேடிப் போனவர், போன கையோடு கடல் கண்ணில் படாதபடி சுவர் எழுப்பியிருக்கிறார். இன்று அந்தத் தீவுக்குக் காட்சிக்காகவே கட்டணம் செலுத்திப் போகிறவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். கத்பர்ட்டின் காலத்தவருக்கு இதில் வியப்பில்லை. புனித அகுஸ்தீனார் தம் வாக்குமூல நூலின் பத்தாம் பகுதியில், மலைமுடிகளையும் கடலின் பேரலைகளையும் வியந்து பார்க்க ஊர் ஊராகப் போகும் மனிதர்கள் தங்களைத் தாங்களே பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று குறைப்படுகிறார். 1336இல் வென்டூ மலையில் ஏறிய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், உச்சியில் நின்று அந்த நூலைப் புரட்டியபோது அந்த இடமே கண்ணில் பட்டதாகவும், வெட்கத்தோடு வாய் பேசாமல் இறங்கியதாகவும் எழுதினார். காட்சி கடவுளிடம் கொண்டுபோகும் என்ற எண்ணத்தைவிட, காட்சி கவனத்தைக் கலைக்கும் என்ற அச்சமே அந்த மரபில் ஆழமாக இருந்தது.

அப்படியென்றால் தீவுக்கு ஏன் போனார்கள்? விடை எகிப்தில் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் வனத்து அந்தோணியார் என்று வணங்கும் அந்தோணியார், மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலைவனத்துக்குப் போனவர். இளைப்பாற அவர் போகவில்லை. பேய்களோடு போரிடப் போனார். ஆள் நடமாட்டமற்ற இடம் தீய ஆவிகளின் இடம் என்பது அன்றைய நம்பிக்கை. அவர் வரலாறு மேற்கே பரவி அயர்லாந்தை எட்டியபோது, அங்கிருந்த துறவிகளுக்குப் பாலைவனம் கிடைக்கவில்லை, கடல் கிடைத்தது. உள் ஃபார்னைப் பற்றிப் பீட் எழுதுவதும் இதே கணக்குதான்: அங்கே பேய்கள் குடியிருந்தன, கத்பர்ட்டுக்கு முன் எவராலும் தனியாகக் குடியிருக்க முடியவில்லை. அங்கே நல்ல தண்ணீர் இல்லை. தோண்டித்தான் ஊற்று கண்டார்கள். கத்பர்ட் கோதுமை விதைத்தார், முளைக்கவில்லை. பருவம் தப்பி விதைத்த பார்லி விளைந்தது. விளைந்ததைப் பறவைகள் தின்ன வந்தன.

அயர்லாந்துத் துறவிகளிடம் இதற்கு ஒரு கோட்பாடும் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய பழைய ஐரிஷ் மறையுரை ஒன்று மறைசாட்சியத்தை மூன்று நிறங்களாகப் பிரிக்கிறது. இரத்தம் சிந்திச் சாவது சிவப்பு. நோன்பாலும் உழைப்பாலும் ஆசைகளை வெல்வது பசுமையும் நீலமும் கலந்த நிறம். நேசிக்கும் எல்லாவற்றையும் கடவுளுக்காகப் பிரிவது வெள்ளை. அன்றைய சமூகத்தில் சொந்த நிலமும் சுற்றமும்தான் ஒருவருக்குப் பாதுகாப்பு. அதைத் துறந்து வேற்றூர் போவது தன்னையே கைவிடுவது. இதன் உச்சம் ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பில் 891ஆம் ஆண்டின் கீழ்ப் பதிவாகியிருக்கிறது. மூன்று அயர்லாந்துக்காரர்கள் தோலால் செய்த சிறு படகில், துடுப்பே இல்லாமல், ஏழு நாளுக்கான உணவோடு கடலில் இறங்கினார்கள். எந்தக் கரையில் ஒதுங்கினாலும் சரி, கடவுளுக்காக அந்நியராக வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். ஏழு நாள் கழித்துக் கார்ன்வாலில் ஒதுங்கி, ஆல்ஃபிரட் மன்னரிடம் போனார்கள்.

அந்தப் பயணத்தில் காட்சிக்கு இடமில்லை, திட்டத்துக்கும் இடமில்லை. கடலை அவர்கள் கண்ணால் அனுபவித்ததைவிட உடம்பால் அனுபவித்ததே அதிகம். கத்பர்ட் ஒருமுறை கோல்டிங்ஹாம் மடத்துக்கு வந்திருந்தபோது, இரவில் எழுந்துபோய் கழுத்தளவு கடல் நீரில் நின்று விடியும்வரை செபித்தார் என்கிறார் பீட். கரையேறியதும் இரண்டு நீர்நாய்கள் வந்து அவர் பாதங்களுக்கு மூச்சால் சூடேற்றின. ஒளிந்திருந்து பார்த்த துறவி ஒருவர் பயந்து நோயில் விழுந்தார். அற்புதத்தை நம்பாதவரும், வடகடலின் குளிரில் இரவு முழுக்க நிற்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். இயற்கையை ரசித்த துறவிகளே இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. பறவைக் குரலையும் காட்டையும் கொண்டாடும் ஐரிஷ் கவிதைகள் ஒன்பதாம் நூற்றாண்டையொட்டிக் கிடைக்கின்றன. ஆனால் கெல்ட்டியத் துறவிகள் எல்லோரையும் கடற்கரைக் கவிஞர்களாகக் காட்டும் இன்றைய கையேடுகள் அந்தச் சுவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கடல் அழகானது, அதன் முன் நிற்பதே ஒருவகை வழிபாடு என்ற உணர்வு ஐரோப்பாவில் பிந்தி வந்தது. 1757இல் எட்மண்ட் பர்க், அச்சமூட்டும் பெருமையை அழகிலிருந்து பிரித்து ஒரு நூல் எழுதினார். 1790இல் கான்ட் அதைத் தத்துவமாக விரித்தார். சீறும் கடலும் தொங்கும் பாறையும் நம் உடலின் அற்பத்தைக் காட்டுகின்றன. அதே கணத்தில் அவற்றால் அளக்க முடியாத ஒன்று நம் அறிவில் இருப்பதையும் உணர்த்துகின்றன. இதற்குக் கான்ட் ஒரு நிபந்தனை வைக்கிறார்: பார்ப்பவர் பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். மூழ்கிக்கொண்டிருப்பவருக்குக் கடலின் பெருமை தெரியாது. கோடைப் பயணியின் அனுபவத்தை இதைவிடத் துல்லியமாக விளக்குவது கடினம். படகில் உயிர்காப்பு உடை இருக்கிறது, திரும்பும் நேரம் சீட்டில் அச்சாகியிருக்கிறது, அதனால்தான் அலையின் முன் மனம் விரிகிறது. அந்த விரிவு பொய்யில்லை. ஆனால் அதன் முன்னோர் பர்க்கும் கான்ட்டும். கத்பர்ட்டோடு அதற்குப் பகிர்வதற்கு ஒரு தீவு மட்டுமே உண்டு.

இந்த இடத்தில் பயணியைக் கண்டிக்கப் பழைய மேற்கோளும் கையில் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூல், துறவிகளை நான்கு வகையாகப் பிரித்து, மடத்துக்கு மடம் மூன்று நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கிச் சுற்றிக்கொண்டே இருப்பவர்களைக் கடைசியில் வைத்துத் திட்டுகிறது. ஆனால் அதை வைத்து இரண்டு நாள் பயணத்தை ஒதுக்குவது நியாயமாகாது. லிண்டிஸ்ஃபார்னின் முதல் ஆயர் எய்டனே ஃபார்னுக்குப் போய்ச் சில காலம் தனித்திருந்து செபித்துத் திரும்புவது வழக்கம். குறுகிய விலகலை மரபு எப்போதும் ஏற்றுக்கொண்டது. சோதிக்க வேண்டியது பயணி எதைக் கைவிட்டார் என்பதை. காட்சியைப் படமெடுத்துக்கொண்டு, தன் விருப்பத்தையும் நேரத்தையும் தானே ஆண்டபடி திரும்பினால் அவர் எதையும் விடவில்லை. லிண்டிஸ்ஃபார்னில் ஒரே ஒரு விஷயத்தில் அந்த ஆளுகை உடைகிறது. ஏற்றம் வந்துவிட்டால் எவ்வளவு அவசரமானாலும் போக முடியாது. கடல் வற்றும் நேரம் நாளுக்கு நாள் நகரும். யாருடைய வசதிக்காகவும் நிற்காது. அந்தச் சில மணி நேரக் காத்திருப்பு, துடுப்பில்லாப் படகின் மிகச் சிறிய ஒரு பங்கு. சூரிய அஸ்தமனத்தைவிட அதற்குத்தான் ஆன்மிகம் என்ற பெயர் ஓரளவு பொருந்தும்.

தனிமையின் மீது இன்னொரு வழக்கும் உண்டு. அது பெனடிக்ட்டுக்கும் முந்தியது. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதைச் சுட்டி, தனித்து வாழ்பவர் யாருடைய பாதங்களைக் கழுவுவார் என்று கேட்டார். அன்பு செலுத்த ஆளில்லாத இடத்தில் அன்பு எப்படி வளரும் என்பது அவர் வாதம். கத்பர்ட்டின் தீவு இதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. வானம் மட்டும் தெரியும் குடிலுக்கு வெளியே, படகுத்துறை அருகில், வருபவர்கள் தங்க ஒரு பெரிய வீட்டையும் அவர் கட்டியிருந்தார். ஆரம்ப ஆண்டுகளில் துறவிகள் வந்தால் வெளியே வந்து வெந்நீரில் அவர்கள் பாதங்களைக் கழுவுவார். பின்னர் உள்ளே அடைந்து சன்னல் வழியாக மட்டும் பேசினார். கடைசியில் சன்னலையும் மூடினார். 685இல் ஆயராக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகூட ஆகாமல் தீவுக்கே திரும்பி, 687 மார்ச் 20 அன்று அங்கே இறந்தார். அதற்குச் சற்று முன் ஐந்து நாள் புயலால் யாரும் கடலைக் கடக்க முடியவில்லை. துறவிகள் வந்து பார்த்தபோது அவர் விருந்தினர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐந்து வெங்காயம். அதில் ஒன்றை மட்டும், அதுவும் பாதிக்குக் குறைவாக, கடித்திருந்தார். தமக்குப் பணிவிடை செய்ய வருகிறவர்கள் தேடி அலைய வேண்டாம் என்றே குடிலை விட்டு இங்கே வந்ததாகச் சொன்னார்.

அவருக்குப் பிறகும் உள் ஃபார்னில் துறவிகள் வந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பர்த்தலோமேயு என்பவர் நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். அவர் வந்தபோது ஏற்கெனவே அங்கிருந்த தனித்துறவி, இவரோடு ஒத்துப்போக முடியாமல் தீவை விட்டுப் போய்விட்டார். பிறகு டரம் மடத்தின் தலைவராக இருந்த தாமஸ் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு வேளை எவ்வளவு நேரம் நீளலாம் என்பதில் இருவருக்கும் சண்டை. இந்த முறை கோபித்துக்கொண்டு டரமுக்குப் போனவர் பர்த்தலோமேயு. தாமஸ் வருத்தம் தெரிவித்த பிறகே திரும்பி வந்து, 1193இல் இறக்கும்வரை அந்தத் தீவிலேயே இருந்தார்.