செங்கல்லுக்கு உரியவர் யார்?

ஒரு பழைய வீடு நிற்கிறது. அது யாருடையது? பத்திரம் வைத்திருப்பவனுடையது என்று சட்டம் விடை கூறும். அவ்விடை நீதிமன்றத்துக்குப் போதும், மனச்சான்றுக்குப் போதுமா? உழைத்துக் கட்டியவனுக்கு அதில் உரிமை ஒன்றும் இல்லையா? அவன் வழிவந்தோர்க்கு அதன்பாற் கடமை ஒன்றும் இல்லையா? பினாங்கு வாழ் தமிழர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை.

தண்ணீர்மலைக்கு அதிகத் தொலைவில்லாத ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் சஃபோக் மாளிகை நிற்கிறது. 1786-இல் பினாங்கில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய பிரான்சிஸ் லைட், அங்கே மிளகுத் தோட்டம் போட்டுத் தமது பிறந்த நாட்டுப்புறத்தின் பெயரை அதற்கு இட்டார். அவர் 1794-இல் இறந்தார். இன்று நாம் காணும் செங்கல் மாளிகை அவர் கட்டியதன்று. பின்னர்த் தோட்டத்தை வாங்கி, ஆளுநர் பதவிவரை உயர்ந்த வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. ஆயினும் ஊரார் வாயில் அது லைட்டின் வீடு. பெயர் என்பது கட்டியவனுக்கு அன்று, புகழ் பெற்றவனுக்கே போய்ச் சேரும் என்பதற்கு இதுவே முதற் சான்று.

மாளிகையின் அமைப்பு நம்மவர்க்குப் புதிதன்று. இரண்டு மாடி, தடித்த சுவர், வரிசைத் தூண்கள், வெயிலைத் தடுத்துக் காற்றை அழைக்கும் அகன்ற தாழ்வாரம். சென்னையிலும் கல்கத்தாவிலும் வெள்ளைக்காரர் கட்டிய தோட்ட வீடுகளின் இனத்தைச் சேர்ந்தது இது. செங்கல்லின்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசும் முறை நம் கொத்தர்கள் நெடுங்காலம் அறிந்தது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தாது. சுவர் வாங்கிய நீரை வெளியே விடும். அதே சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லைப் பொரியச் செய்யும். பழையதைக் காப்பவன் பழைய தொழிலையும் அறிந்திருத்தல் வேண்டும்.

1920-களில் மெதடிஸ்ட் சபையார் இவ்வீட்டை வாங்கிப் பள்ளிக்கூடமாக்கினர். 1970-களில் அது பழுதுற்றுக் கைவிடப்பட்டது. பின் கூரையிழந்து பாழாய்க் கிடந்தது. பெருமுயற்சியால் 2007-இல் புதுப்பிக்கப்பெற்று, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதையும் பெற்றது.

இம்மாளிகைக்கு அடியில் இருப்பது மிளகுக் காசு. அக்காசுக்கு அடியில் இருப்பது யாருடைய வியர்வை? லைட்டின் விருப்பாவணத்தில் நிலத்தோடும் வீட்டோடும் அடிமைகளும் சொத்தாகக் குறிக்கப்பட்டுள்ளனர். காடு திருத்தி மிளகு நட்டதில் சீனர் பங்கு பெரிது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து கடை வைத்தும் கூலி வேலை செய்தும் வாழ்ந்தோரைப் பற்றி லைட்டே 1794-இல் எழுதியிருக்கிறார். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் இத்தீவிற் பாதையும் பாலமும் அமைத்தனர். 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் கோயிலும் கைதிகளின் உழைப்பே.

இதனால் சிலர், “ஆண்டைகளின் வீடு பாழாய்ப் போனால் நமக்கென்ன? இடியட்டும்” என்பர். சினம் நியாயமானது, முடிவு பிழையானது. சுவர் குற்றவாளியன்று, சாட்சி. சாட்சியைக் கொன்றால் மகிழ்பவன் குற்றவாளியே. வேறு சிலர், “வீட்டைப் போற்றுவோம், பழைய கசப்பைப் பேசவேண்டா” என்பர். அது சாட்சியை வைத்துக்கொண்டு அதன் வாயைக் கட்டுவதாகும். தூணைக் காட்டித் தூணைத் தூக்கியவனை மறைத்தால், அது பாதுகாப்பா, பாசாங்கா?

இதனினும் ஆழமான அநீதி ஒன்றுண்டு. செல்வன் செங்கல்லாற் கட்டுகிறான். ஏழை பலகையாலும் தகரத்தாலும் கட்டிக்கொள்கிறான். செங்கல் இருநூறு ஆண்டு நிற்கும்; பலகையைக் கறையான் தின்னும். நிற்பதையே வரலாறு என்று கொண்டால், வரலாறும் செல்வனின் உடைமையாகிவிடும்! நிலைத்திருத்தல் பொருளின் குணம். மதிப்புடைமை வாழ்வின் குணம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது அறிவுடைமையாகாது.

கண்கூடான சான்று வேண்டுமா? 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. அடுத்த ஆண்டே, குளுகோரில் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டத்தில் உழைத்தோரின் வழிவந்தவர் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா, வழக்குகளில் தோற்று, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. சட்டம் பத்திரத்தைக் கேட்டது. அவர்களிடம் இருந்ததோ தலைமுறைகளின் வாழ்வு. ஒரு துரையின் வீட்டுக்கு விருது; தொழிலாளரின் ஊருக்கு மண்வாரி. இதனைக் கண்டும் நம் நெஞ்சு உறுத்தவில்லையாயின், நாம் கற்ற கல்வியால் யாது பயன்?

பழியெல்லாம் பிறர்மேற் சுமத்திவிட்டு நாம் தப்பமுடியாது. லயத்தில் பிறந்ததைச் சொல்ல நாணுவோர் நம்மில் எத்தனை பேர்! தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் திரளும் கூட்டத்திற்குக் குறைவில்லை, செலவிற்கும் குறைவில்லை. அச்செலவில் ஒரு சிறு பங்கேனும் ஒரு தோட்டத்தின் வரலாற்றை எழுதிவைக்கச் செலவாகிறதா? முன்னோர்க்குச் செய்யும் கடன் பிண்டத்தோடு முடிந்துவிட்டதா?

செய்யத்தக்கன எளியவை. தோட்டம் விற்கப்படுமுன் ஒரு லய வரிசையேனும், பெரட்டுக்களமும் ஆயாக் கொட்டகையுமேனும் அளந்து படம் எடுத்து வைத்தல் வேண்டும். முதியோர் சொல்வதைக் கேட்டு எழுதுதல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, ஆபீசில் தூசி படிந்து கிடக்கும் பழைய செக்ரோல் புத்தகங்களைக் காத்தல் வேண்டும். கிராணிமாரே, இது நம் கையிலுள்ள வேலை. எந்தத் தூணிலும் பொறிக்கப்படாத பெயர்கள், நாள்தோறும் அரைநாளா முழுநாளா என்ற குறிப்போடு, அப்புத்தகங்களில் வரிவரியாய் நிற்கின்றன. தோட்டம் கைமாறும்போது அவை குப்பையோடு குப்பையாய் எரிகின்றன.

மாளிகையைக் காக்கப் பணமும் அரசும் வேண்டும். ஒரு புத்தகத்தைக் காக்க ஒரு மனிதன் போதும்.