துரியோதனன் முழங்கால்

செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில், திரௌபதி அம்மன் கோவில் பாரதத் திருவிழாவில், ராஜசூய யாகம் கூத்து நடந்த ராத்திரி என் தாய்மாமன் கீழே விழுந்தார். அவர் கட்டியிருந்தது துரியோதன வேஷம். மாய மண்டபத்துக்குள் நுழைந்த துரியோதனன், தண்ணீரைத் தரை என்று நினைத்துக் கால் வைத்துச் சறுக்கி விழ வேண்டும். அதைப் பார்த்துத் திரௌபதி சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பிலிருந்துதான் சூதும் துகிலும் பதினெட்டு நாள் போரும் வந்தன என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மாமா அந்த விழுகையை முப்பது வருஷமாக விழுந்துகொண்டிருப்பவர். எந்தக் காலை மடக்குவது, எந்தக் கையை ஊன்றுவது, கிரீடம் தரையில் படாமல் தலையை எப்படித் தூக்கிப் பிடிப்பது என்பதெல்லாம் அவர் உடம்புக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் மழை தூறியிருந்தது. களத்தில் மணல் கொட்டியிருந்தாலும் அடியில் சேறு. விழ வேண்டிய இடத்துக்கு நாலடி முன்னாலேயே கால் வழுக்கிவிட்டது. ஊன்ற வேண்டிய கை ஊன்றவில்லை. வலது முழங்கால் மடங்கி, அதன் மேல் மொத்த உடம்பும் இறங்கியது.

சனம் கைகொட்டிச் சிரித்தது. கதைப்படி சிரிக்க வேண்டிய இடம்தானே. திரௌபதி வேஷம் கட்டியவரும் சிரித்தார். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் ஓடி வந்து, "மகாராஜா, இந்திரப்பிரஸ்தத்துத் தரைக்கு உங்க மேல இன்னா ஆசை பாருங்க, பாத்ததும் கட்டிப் புடிச்சிக்கிச்சே" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா எழுந்து நின்று, அடுத்த விருத்தத்தை எடுத்துவிட்டார். வேஷம் கட்டும் கொட்டகையின் ஓலைத் தடுப்போரம் நின்றிருந்த எனக்கு மட்டும், அவர் இடது காலில் நிற்பது தெரிந்தது. மிச்ச ராத்திரி முழுக்க அவர் சுழன்றாடியது அந்த ஒற்றைக் காலின் பலத்தில்தான். விடிந்ததும் நாட்டாண்மை வீட்டுப் பெரியவர் வந்து, "துரியோதனன் மாதிரி விழறதுக்கு உன்னை விட்டா ஆளே கிடையாதுப்பா. இந்த வருஷந்தான் நெஜமா விழுந்த மாதிரியே இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு பல வருஷமாக என் மனசில் கிடக்கிறது. வலி ஒருவருடையது, பாராட்டு இன்னொருவருக்கு. நடுவில் நின்று அந்த ஆள் கும்பிடுகிறார்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் மாவட்டங்களில் கூத்துக்காரர்களின் வருஷம் இரண்டாகப் பிளந்து கிடப்பது. பங்குனி பிறந்தால் கோவில்களில் கொடியேறும். ஆடி, ஆவணி வரை ஜமா என்கிற கூத்துக் குழு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கும். செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதி இடமாகச் சொல்வார்கள். அதைச் சுற்றி விரிந்த இந்த வட்டாரத்தில் அம்மன் கோவில் இல்லாத ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் வாசிப்பார். ராத்திரி கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக நடக்கும். கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஒரு ஊரில் துரியோதனன் செத்து, இரண்டு நாளில் பக்கத்து ஊரில் மறுபடி மணிமுடியோடு திரை விலக்கி வருவான்.

இந்த வேஷத்தின் பாரத்தைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. இலேசான மரம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். அதன் மேல் கண்ணாடித் துண்டும் வண்ணக் காகிதமும் ஒட்டி, உடம்போடு சேர்த்துக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டும்போது அந்த இலேசு எங்கோ போய்விடும். கயிறு தளர்ந்தால் சுழலும்போது கிரீடம் கழன்றுவிடும். அது ஊருக்கே அபசகுனம். அதனால் நெற்றிப்பொட்டில் நரம்பு புடைக்கும் அளவுக்கு இறுக்குவார்கள். விடிந்து அவிழ்த்தால் நெற்றியைச் சுற்றி ஒரு பள்ளம், தோளில் இரண்டு பள்ளம். சீசன் முடியும்போது அந்தப் பள்ளங்கள் மறையவே மறையாது. தோல் கறுத்துக் காய்த்துப்போயிருக்கும்.

இதில் நடக்கும் விபத்துகளுக்குக் கணக்கில்லை. அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரத்தின் உச்சிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறி, மேலிருந்து விபூதியும் எலுமிச்சம்பழமும் இறைப்பார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரத்துணியோடு கீழே மடியேந்தி நிற்பார்கள். காற்றடித்தால் அந்த மரம் ஆடும். பிடி நழுவினாலும் பாட்டு நழுவக் கூடாது. துகில் ராத்திரியில் துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அப்படியும் சாமி வந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கரண்டு போய் மைக் செத்துவிட்டால், ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி வெறும் தொண்டையில் பாடி, மறுநாள் குரலே இல்லாமல் சைகையில் பேசிக்கொண்டிருப்பார்கள். படுகளத்தன்று வைகாசி வெயிலில், வாய்க்கால் கரையிலோ ஏரிக்கரையிலோ மண்ணால் போட்ட பெரிய துரியோதன உருவத்தைச் சுற்றி, விடிய விடிய ஆடிய அதே காலோடு பீமனும் துரியோதனனும் ஓடுவார்கள். சலங்கைக்கு அடியில் கணுக்கால் பொத்துப்போயிருக்கும். மண் உருவத்தின் தொடையைப் பீமன் அடித்துப் பிளந்ததும் அதிலிருந்து சிவப்பு வழியும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். அந்தச் சிவப்பில் எல்லார் கண்ணும் இருக்கும். பக்கத்தில் துரியோதனன் வேஷக்காரரின் காலிலிருந்து வருகிற சிவப்பை யார் பார்க்கப்போகிறார்கள்?

பார்க்கக் கூடாது என்றே ஆட்டக்காரர்களும் நினைக்கிறார்கள். மாமாவிடம் ஒரு முறை கேட்டேன். "வலிக்குதுன்னு களத்துல காட்டிட்டா, கூத்து அங்கயே நின்னுடும்டா. அப்புறம் அவங்க என்னைப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க. துரியோதனன் போயிடுவான்" என்றார். கூத்து என்கிற கலையின் பலமே இதில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். இருட்டும் ஒரு துணித் திரையும் மிருதங்கமும் முகவீணையும் போதும், கூலிவேலை செய்யும் ஒரு மனிதர் அஸ்தினாபுரத்து அரசனாகிவிடுவார். அவருக்கு நேரும் சறுக்கல்களையும் கதை தனக்குள் இழுத்துக்கொண்டுவிடும். 1970களில் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி போன்றவர்கள் புரிசைக் கிராமத்துக் கூத்தைப் பார்த்து மலைத்துப்போய் எழுதினார்கள் என்றால், இந்த ஆற்றலைக் கண்டுதான். ஆனால் கதை இழுத்துக்கொண்ட வலி எங்கேயாவது வெளியே வர வேண்டுமே. அது எங்கே வருகிறது?

சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. எமன், சனீஸ்வரன் போன்ற வேஷங்களில் அவர் பேரெடுத்தவர். ஒரு நாள் நாடகம் முடிந்து, விடியற்காலை இருட்டில், சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க நீர்த்துறைக்குப் போனாராம். துணி வெளுக்க வந்த ஒரு பெண் அந்த உருவத்தை எதிரே கண்டு, அங்கேயே உயிர் விட்டுவிட்டாளாம். இந்த மாதிரியான துயரங்களுக்குப் பிறகு அவர் வேஷம் கட்டுவதையே விட்டார். 1922ல் மறையும் வரை ஆசிரியராகவே இருந்து நாடகங்கள் எழுதினார், பிள்ளைகளைப் பழக்கினார் என்பார்கள். சிறுவயதில் இதைக் கேட்டபோது பயம்தான் வந்தது. இப்போது வேறொன்று தோன்றுகிறது. மேடைக்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச தூரம்தான் கலைஞனுக்கு மிகக் கடினமான வழி. அங்கே அவன் வேஷமும் இல்லை, வீட்டு மனிதனும் இல்லை.

மாமாவுக்கு அந்த வழி ஐந்து மாச நீளம்.

ஆடி முடிந்து அவர் வீட்டுக்கு வரும் காலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். கையில் ஒரு டிராவல் பேக், இன்னொரு கையில் சலங்கை மூட்டை. எத்தனை எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் காது மடலிலும் புருவத்து மயிரிலும் அரிதாரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். தெருமுனை வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்து வருவார். டீக்கடையில் இருப்பவர்கள் "வாய்யா துரியோதனா" என்பார்கள். கையைத் தூக்கிச் சிரிப்பார். வீட்டுப் படலைத் தள்ளி உள்ளே வந்து, படலைச் சாத்துவார். அதற்கப்புறம்தான் நொண்ட ஆரம்பிப்பார்.

அந்த நொண்டலை என் அத்தையைத் தவிர யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். நொச்சி இலை போட்டு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். மாமாவைத் திண்ணையில் உட்காரவைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து ஒத்தடம் கொடுப்பாள். முதல் ஒத்தடத்தில் அவர் "ஐயோ அம்மா" என்பார். ராஜசூய ராத்திரி களத்தில் விழுந்தபோது வாயில் வராத "ஐயோ". மூன்று மாசம் கழித்து, நாற்பது மைல் தள்ளி, சாணம் மெழுகிய திண்ணையில் வெளியே வந்தது.

நாம் வீடு என்று எதைச் சொல்கிறோம் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது. ஊரெல்லாம் அவர் விழுந்ததைத் துரியோதனன் விழுந்ததாகப் பார்த்தது. விழுந்தது அவர்தான் என்று தெரிந்த இடம் அந்தத் திண்ணை ஒன்றுதான். மாலையும் ஆரத்தியும் பணமுடிப்பும் வேஷத்துக்குப் போகின்றன. வீக்கமும் கட்டிப்போன தொண்டையும் தூக்கமில்லாத கண்ணும் வீட்டுக்கு வருகின்றன. ஓய்வெடுக்க வீடு திரும்புகிறான் என்று சொல்கிறோமே, அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: ஐந்து மாசமாக யாரோ ஒருவன் பேரில் பட்ட அடிகளைத் தன் பேருக்கு மாற்றி எழுதிக்கொள்வது. அதற்குக் கூட ஓர் ஆள் வேண்டும்.

அது ஒரு நாளில் முடிகிற காரியமும் இல்லை. வந்த புதிதில் ராத்திரி பத்து மணிக்கு அவருக்கு விழிப்புத் தட்டிவிடும். அது வேஷம் கட்ட உட்காரும் நேரம். அரிதாரத்துக்கு முத்துவெள்ளை குழைக்கும் விரல்கள் சும்மா துடையில் தேய்த்துக்கொண்டிருக்கும். விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்து, கோழி கூவியதும் தூங்கப் போவார். கடைசிப் பையன் சின்னவனாக இருந்தபோது ஒரு வாரம் அவர் பக்கத்திலேயே வர மாட்டான். தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். புரட்டாசிக்குள் எல்லாம் சரியாகும். சரியாகும்போதே அடுத்த சீசனுக்கு முன்பணம் பேச ஜமா வாத்தியார் வந்துவிடுவார். இடையில் யார் வீட்டிலாவது கருமாதிக்குக் கர்ண மோட்சம் போடக் கூப்பிடுவார்கள். செத்தவர் நல்ல கதி அடைய கர்ணன் ராத்திரியெல்லாம் போராடிச் சாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்கும் போவார்.

2020ஆம் வருஷம் எல்லாம் தலைகீழானது. பங்குனியில் பாரதத்துக்குக் கொடியேற வேண்டிய நாட்களில், மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது. கொடியும் ஏறவில்லை, திரையும் பிடிக்கவில்லை. வட தமிழ்நாட்டுக் கூத்துக்காரர்கள் மொத்தப் பேரும் வீட்டில் இருந்தார்கள். வாங்கிய முன்பணம் கடனாக நின்றது. மாமா வீட்டில் அரிசிக்கு ரேஷன் கடைதான். ஆனால் அத்தை என்னிடம் போனில் சொன்னது பணத்தைப் பற்றி இல்லை. "உங்க மாமன் காலு வீங்கவே இல்லைப்பா. பாக்கவே பயமா கீது. ராத்திரி பத்தானா எழுந்து உக்காந்துக்குது. எங்க போய் வந்ததுன்னு நான் ஒத்தடம் குடுக்கறது?" அந்த வருஷம் முழுக்க மாமா வீட்டில் இருந்தார். வீட்டுக்கு வரவில்லை.

இப்போது மறுபடியும் கொடிகள் ஏறுகின்றன. மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ராஜசூய யாகத்தில் இன்றைக்கும் அவரே விழுகிறார்.

உங்கள் ஊர்ப் பக்கம் கூத்து நடந்தால் விடியும் வரை இருந்து பாருங்கள். படுகளம் முடிந்து தீமிதிக்குச் சனம் நகர்ந்த பிறகு, கொட்டகைக்குப் பின்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்து முகத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொம்பு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுங்கள். நன்றாக ஆடினீர்கள் என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அவர் பேரைக் கேளுங்கள், காலில் அடி ஏதும் பட்டதா என்று கேளுங்கள்.