நாலணா பாரம்

சோர் பஜாரிலிருந்து இசைத்தட்டு வாங்கி வந்தால் முதல் வேலை, அது வீட்டுக்காரி கண்ணில் படாமல் பரணுக்குப் போவது. அது விலைக்குப் பயந்து. அடுத்த வேலை, இன்ன தட்டு அகப்பட்டது என்று கூட்டாளிகள் யாரிடமும் மூச்சு விடாமல் இருப்பது. இது எதற்குப் பயந்து என்று வெகுகாலம் நான் யோசித்ததில்லை. அறுபத்து நாலு வயதாகிறது. பம்பாய் செம்பூரில் சின்ன வீடு. கால் வைக்க இடமில்லாமல் தட்டுகளை அடுக்கிவிட்டு, இவ்வளவையும் யாருக்காகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவிடமிருந்து வந்த குணம் இது. அப்போது மாட்டுங்காவில் குடியிருந்தோம். ஷண்முகானந்தா அரங்கம் திறந்த 1963-லேயே எம்.எஸ்.ஸின் சுப்ரபாத எல்.பி.யும் வெளிவந்தது. அந்த ஒரே வருஷத்தில் சபா உறுப்பினர் சந்தா, ரிக்கார்டு பிளேயர், எல்.பி. என்று அப்பா ஆபீஸில் கடன்மேல் கடன் வாங்கியதை அம்மா கடைசிவரை சொல்லிக் காட்டினாள். தட்டுகள் கண்ணாடி அலமாரியில் இருக்கும். சாவி அப்பாவின் பூணூலில் தொங்கும். எதிர்வீட்டு மாமி வந்து, “ஒரே ஒரு நாள் கொடுங்கோ, விடியக்காலம் போட்டுட்டுத் தந்துடறேன்” என்று கேட்டால், “ஊசி தேஞ்சிருக்கு மாமி, தட்டு கீறிடும்” என்பார். மாமி வீட்டு பிளேயரில் மாமி வீட்டு ஊசிதானே தட்டில் படப்போகிறது என்பது எனக்கு ஏழு வயதிலேயே தோன்றியது. மாமிக்கும் தோன்றியிருக்கும். மரியாதைக்காகக் கேட்கவில்லை.

சாயங்காலம் காற்று திரும்பினால் தாராவிப் பக்கமிருந்து குழாய் ஸ்பீக்கர் சத்தம் வரும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், ஏதாவது ஒன்று. அப்பா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். சாத்தினாலும் கேட்கும். எங்கள் வீட்டுப் பாட்டு வெளியே போகாது. வெளிப் பாட்டு உள்ளே வராமல் இருக்காது.

புதுத் தட்டு வாங்கக் காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் இருந்தது. 2016-ல் அதுவும் மூடியாகிவிட்டது. பழசு வேண்டுமென்றால் சோர் பஜாரின் மட்டன் தெருதான். செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் இறங்கி நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மா சந்தையில் தரையில் சாக்கு விரித்துப் போட்டிருப்பார்கள். மடங்கி உட்கார்ந்து தள்ளித் தள்ளிப் பார்த்தால் கை கறுத்துவிடும். வியாபாரிகளுக்கு என்னைப் போன்றவர்களின் வீக்னெஸ் தெரியும். தட்டு நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்வதே இல்லை. “ஏக் ஹீ பீஸ் ஹை, சாப்” என்பார்கள். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்படி வாங்கியதுதான் கே.பி. சுந்தராம்பாளின் 78 சுற்றுத் தட்டு. நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு பாடியவர். 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். மேடைக்கு வர முடியாதவர்களுக்கும் அந்த ஜோடியின் குரல் தட்டு வழியாகத்தான் போனது. சுதந்திரப் போராட்டப் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவியதில் கிராமபோனுக்கு இருந்த பங்கை தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். இவ்வளவும் படித்தவன் நான். ஆனால் வாங்கிய தட்டைப் பதினோரு வருஷம் பிளேயரில் ஏற்றவில்லை. ஊசி பட்டால் தேயும் என்று பத்திரமாக வைத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் பூஞ்சை படிந்திருந்தது. எல்.பி.யைத் துடைப்பது போலவே ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. இத்தனை அழுக்கா என்று பெருமையாக இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கறுப்பாக வந்தது அழுக்கில்லை, பாட்டு. எல்.பி. வினைல். பழைய 78 தட்டு அரக்கில் கல்பொடியும் கரியும் கலந்து அழுத்தியது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும் என்பது மேஜைக்கு பாலிஷ் போடும் தச்சுப் பையனுக்குத் தெரியும். சோட்டா நாக்பூர் காட்டு மரங்களில் பூச்சி வைத்த அரக்குதான் கப்பலேறி உலகத்துக்கெல்லாம் தட்டாக ஆனது. பாண்டவர்களின் அரக்கு மாளிகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நமக்கு இது தெரியாமல் போயிற்று. அந்தத் தட்டு என்னிடம் இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு ஜீவன்கூட அதைக் கேட்கவில்லை, நான் உட்பட.

பூட்டி வைப்பதற்கு நம் சங்கீதத்தில் ஒரு கௌரவமும் உண்டு. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பார். வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்தார் தங்கள் பாடாந்தரத்தைக் கண்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்காதவர்கள் என்று பெயர். தனம்மாளே 1930-களில் ஒரு சில தட்டுகளில்தான் வாசித்தார். அதைச் சொல்லி நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டது உண்டு. யோசித்தால் ஒட்டவில்லை. அவர்கள் ஆள் பார்த்துக் கொடுத்தார்கள், கொடுத்தது உண்டு. பேத்தி பிருந்தாவிடம் செம்மங்குடி போன்றவர்களே பதம் பாடம் பண்ணினார்கள். என் பரண் யாரையும் பார்க்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

பம்பாயிலேயே வேறு மாதிரிச் செய்தவர்கள் இருந்தார்கள். கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த சுரேஷ் சாந்த்வண்கரும் அவருடைய சகாக்களும் 1990-ல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூடுவது, கொண்டுவந்ததைப் போட்டுக் காட்டுவது, தெரிந்ததை ‘தி ரெக்கார்டு நியூஸ்’ என்ற இதழில் எழுதுவது. ‘யங் இந்தியா’ என்று ஒரு சுதேசிக் கம்பெனி 1935 முதல் 1955 வரை இந்த ஊரில் தட்டு போட்டிருக்கிறது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகள். பெரும்பாலும் பேர் எடுக்காத புதுப் பாடகர்கள். கம்பெனி மூடியபின் கேசட்டாகவோ வேறெதாகவோ அவை திரும்ப வரவே இல்லை. சேகரித்தவர் வீட்டு அலமாரியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பாடகர் பிறக்காத மாதிரிதான். அந்த அலமாரிகளைத் திறக்கச் சொல்லி, கிடைத்ததையெல்லாம் பிரிட்டிஷ் லைப்ரரியின் திட்டம் ஒன்றின் கீழ் டிஜிட்டல் ஆக்கினார் சாந்த்வண்கர். ஒவ்வொரு வீட்டிலும் “ஊசி தேஞ்சிருக்கு” என்று ஓர் அப்பா இருந்திருப்பார். எப்படிச் சமாளித்தாரோ.

‘அபூர்வம்’ என்ற சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது எங்கள் பக்கத்து வீட்டு மராத்தி மாமியால். காக்கு என்று கூப்பிடுவோம். வாணி ஜெயராமின் ஒரு தட்டு வைத்திருந்தேன். வேலூரில் பிறந்து, கல்யாணமாகி பம்பாய் வந்து, 1971-ல் ‘குட்டி’ என்ற ஹிந்திப் படத்தில் பாடி நாடெங்கும் தெரியவந்தவர் அவர். அதற்கு முன்பே வசந்த் தேசாய் இசையில், குமார் கந்தர்வாவோடு ஒரு மராத்தி நாடகப் பாட்டுப் பாடியிருக்கிறார். ருணானுபந்தம் என்று நாம் சொல்வோமே, போன ஜன்மத்துக் கடன் இந்த ஜன்மத்து உறவாக வருவது, அதைப் பற்றிய பாட்டு. தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற இறுமாப்போடு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காக்கு கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். வரி பிசகாமல். அவர்கள் வீடுகளில் அது அன்றாடம் புழங்குகிற பாட்டாம். மறுநாள் அவர் கொடுத்தனுப்பிய பூரண்போளியைத் தின்றுகொண்டு, நான் ‘மறந்துபோன பாட்டுகள்’ என்று எழுதி வைத்திருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராவிக்கு நான் போனதும் ஆசையால்தான். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் ஒருவர் பழைய ரிக்கார்டுகளைக் கழிக்கிறார் என்று கேள்விப்பட்டேன். முன்பு சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர், நாங்குநேரிப் பக்கம். எழுபத்தைந்தைத் தாண்டிய அண்ணாச்சி. வீடு அளவெடுக்கிறார்கள், எங்கே மாற்றுவார்களோ, எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று தகரப் பெட்டியைக் கீழே இறக்கியிருந்தார். சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, ‘திருவிளையாடல்’ கதை வசனம், நாகூர் ஹனிபாவின் கட்சிப் பாட்டும் தர்காப் பாட்டும் என்று ஒரு பந்தலுக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும். டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. ஒன்றும் தேறாது. ஊசி உழுது தள்ளியிருந்தது.

காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஓடாத பழைய பிளேயர், அதன் பிக்கப் தலையில் கறுப்பு டேப் சுற்றி ஒட்டிய நாலணாக் காசு.

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“குதிக்கும்லா. பந்தல்ல பிள்ளைய ஆடும், பலகை ஆடும், பிளேயரும் சேந்து ஆடும். பாரம் வச்சாத்தான் பாட்டு ஓடும்.”

“ரிக்கார்டு தேஞ்சு போயிடுமே.”

“தேயத்தான் செய்யும். போனா மூர் மார்க்கெட்ல வேற வாங்கிக்கிடலாம்னு நெனச்சேன். பொறவு மூர் மார்க்கெட்டே எரிஞ்சு போயிட்டு.”

சென்னையின் அந்த 1985 தீவிபத்தை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் ஜன்னல் சாத்திய வீட்டில் கேட்ட சத்தம் இந்தத் தட்டுகளின் சத்தமாக இருக்கலாம். அவரிடம் கேட்கவில்லை. எந்த வருஷம், எந்தத் திசையில் குழாய் கட்டினீர்கள் என்று ஒருவரை எப்படிக் கேட்பது?

பெட்டியில் இருந்த ஹனிபா இ.பி. ஒன்று என்னிடமும் இருந்தது. என்னுடையது கீறல் இல்லாதது. உறைகூடக் கசங்காதது. அதை அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ரயிலில் வரும்போது தோன்றியது. “கொண்டாங்களேன், கேப்போம்” என்று சொல்லியிருந்தார். இரவல் கொடுக்க மனம் வரவில்லை. அதில் நான் இன்றுவரை திருந்தவில்லை. தட்டைக் கொடுக்காமல் தட்டோடு நானே போவது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா பிளேயருக்கு பேட்டரி போட்டுப் பையில் தூக்கிக்கொண்டு போனேன்.

சந்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர், எழுபதுக்கு மேல் இருக்கும், பீடத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹனிபாவின் குரல் கணீரென்று எழுந்தது. எனக்குள் ஒரு பெருமை. இந்தச் சந்தில் இவ்வளவு சுத்தமாக இந்தப் பாட்டு கேட்டதே இல்லையே. பாதியில் அந்த அம்மாள் கையை உயர்த்தி, எதற்கோ காத்திருந்தார். பாட்டு அதுபாட்டுக்கு ஓடி முடிந்தது.

“தாவலையே” என்றார்.

“என்னம்மா?”

“அந்த ரெண்டாவது அடியில ஒரு தாவு தாவுமே தம்பி. என் கல்யாணத்துல இந்தப் பாட்டுதான் போட்டாவ. தாலி கட்டி முடிக்கவும் தாவுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக எல்லாரும் சிரிச்சாவ. அவுகளும் சிரிச்சாவ. அன்னைக்குத்தான் அவுக சிரிச்சு நான் மொதல்ல பாத்தது.”

அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது. “உங்க கல்யாணத்துக்குப் பொறவுதான் மைனி நான் நாலணா ஒட்டுனேன். மானம் போயிட்டுல்லா.”

எழுந்துபோய்த் தகரப் பெட்டியிலிருந்து தன் தட்டை எடுத்து வந்தார். வேட்டி முனையால் ஒரு துடை துடைத்தார். எனக்கு உடம்பு கூசியது. ஃபியஸ்டாவில் வைத்ததும் கரகரவென்று இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ ஹனிபா. இரண்டாவது அடி நெருங்கும்போது, ஐம்பது வருஷத்துப் பழக்கம், அண்ணாச்சியின் கை தானாகச் சட்டைப் பையில் காசைத் தேடியது. நாலணா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. அகப்பட்டது ஒரு ரூபாய். ஊசித் தலைமேல் வைக்கக் குனிந்தார்.

“வைக்காதீய” என்றார் அந்த அம்மாள்.