தலைக்கூத்தல் அறமாமோ?

மூப்பும் நோயும் மேலிட்ட தாய்தந்தையரை, அவர் துன்பந் தீருமாறு மக்களே உயிர்நீக்குதல் அறமாமோ எனத் திருமயிலை அன்பர் சிலர் எம்மை வினவினர். 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படமெனத் தேசிய விருது பெற்ற 'பாரம்' என்னுந் திரைப்படமே அவ்வினாவை எழுப்பியது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த முதியவரொருவர்க்குத் தங்குடும்பத்தாரே இழைத்த தீங்கு அதன் கதை.

விருதுநகர், மதுரை முதலிய மாவட்டங்களிற் சிலவிடத்து நிகழ்வதாக அறியப்பட்ட இச்செயலைத் தலைக்கூத்தல் என்ப. தலைக்கு ஊற்றுதல் என்பது பொருள். வைகறையில் எண்ணெய் முழுக்காட்டிக் குளிர்நீர் சொரிந்து, இளநீரை மிகுதியும் பருகுவிப்பர். சிறுநீரகம் தளர்ந்து, சுரமுஞ் சன்னியுங் கண்டு, சின்னாளில் உயிர் நீங்கும். இதனைக் கருணையென்பாரும் உளர்.

உடம்பாவது பிராரத்தம் நுகர்தற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவி, கூட்டினோனே பிரித்தற்குரியன். இடையிற் பறித்தலால் நுகர்ச்சி ஒழியாது, மற்றோருடம்பிற்குத் தள்ளப்படும். செய்தார்க்கோ ஆகாமியம் ஏறும்.

அற்றேல், சண்டேசுர நாயனார் தந்தை தாளை எறிந்தும் பேறு பெற்றாரன்றோ எனின், அஃது ஈண்டைக்கு ஒவ்வாது. அவர் நீக்கியது சிவபூசைக்கு நேர்ந்த இடையூற்றை, தஞ்சுமையையன்று. ஈண்டு நீங்குவது தந்தையின் துன்பமோ மக்களின் சுமையோ என்பதை அவரவர் நெஞ்சையே வினாவி அறிக.

தந்தையே சாவை வேண்டின் என் செய்வதெனின், பலகாலும் அச்சொல் நோயினாற் பிறப்பதன்று. 'இவர்க்குப் பாரமாயினேன்' என்னும் நாணத்தாற் பிறப்பது. அந்நாணத்தை முகக்குறிப்பானும் முணுமுணுப்பானும் ஊட்டினார் மக்களேயாயின், அதனை இசைவெனக் கொள்ளுதல் தாம் எழுதிய ஓலைக்குத் தாமே சான்றாதல் போலும்.

இனி, 'வினையை நுகர்க' என்று வாளாவிருத்தலும் தீதே. சூலை நோயால் வருந்தி வந்த தம்பியாரைத் திலகவதியார் வினையென்று விட்டாரல்லர்; திருநீறளித்துத் திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோய் தணிக்கும் மருந்தும் பணியும் இறைவனருள் வழிப்பட்டனவே.

மீளா நிலையுற்றாரைப் பொறிகளாற் பிணித்துவையாது விடுதல் வேறு. அதனை உச்சநீதிமன்றம் 2018 மார்ச்சு 9-ஆம் நாள் வரம்பு வகுத்து இசைந்தது. 2023-இல் அம்முறையைச் சிறிது எளிதாக்கிற்று. நஞ்சூட்டி உயிர்போக்குதலை இசைந்திலது. போகும் உயிரைத் தடுக்காமையும் போகாவுயிரைப் போக்குதலும் ஒன்றல்ல. எனினும், சுமை யாருடையது என்னும் வினா ஆண்டும் எழுதற்பாலதே.

ஆகலின், மூத்தோர் அருகிருந்து, வலி தணித்து, திருநீறிட்டு, திருவைந்தெழுத்தைச் செவியிற் சேர்ப்பித்தல் மக்கள் கடன். 'பாரமாயினேன்' என்னுஞ் சொல் அவர் நாவில் எழாவாறு ஓம்புதலே அறமென்க.