கல்பில் படிந்த சொல்

மனதின் வல்லமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வெற்றிகளையே பேசுகின்றனர். நினைத்தால் முடியும், நம்பினால் நடக்கும் என்கின்றனர். ஒரு சொல்லில் ஒடுங்கிப்போவதும் அதே மனதின் இயல்புதான்.

ஹிஜ்ரி 488, கி.பி. 1095. பக்தாத் நிழாமிய்யாவில் போதித்துக்கொண்டிருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு நா எழாமல் போயிற்று. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவியது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். புகழ் ஒருபுறமும் மறுமை ஒருபுறமுமாக இழுத்த இழுப்பில், அக்காலத்தின் பேரறிஞருக்குப் பேச்சே நின்றுவிட்டது. பின்னர் அவர் எழுதிய இஹ்யாவில் கல்பின் விந்தைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கல்பு அங்கே அரசன், உறுப்புகள் அதன் படை. அது ஒரு கண்ணாடியும்தான். பாவம் படியப் படிய மங்கும்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எழுபதுகளின் இறுதியில் லிந்துலையில் நான் படித்த வகுப்பறை நினைவுக்கு வரும். லயத்திலிருந்து வரும் ஒருவன் கணக்கில் எப்போதும் முதலாவது. அவனது அம்மா கொழுந்தெடுப்பவர். எங்கள் கடையில் மாதக் கொப்பி வைத்திருந்தார். ஒருநாள் விளையாட்டில் தோற்ற ஆத்திரத்தில் அவனைத் "தோட்டக்காட்டான்" என்றேன். அவன் திருப்பி ஏசவில்லை. மறுநாள் பின்வாங்கில் போய் உட்கார்ந்தான். விடை தெரிந்தும் கை உயர்த்துவதை நிறுத்திக்கொண்டான்.

அந்தச் சொல் என் கண்டுபிடிப்பு அல்ல. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் கடதாசியில் எழுதியதைக் கடைத்தெரு வாயால் சொல்லிற்று. என் பாட்டனாரும் தலைமன்னார் வழியாக அக்கரையிலிருந்து வந்தவர்தான் என்பது வேறு கதை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை தந்தது. ஆனால் பின்வாங்கிலிருந்து யாரையும் எந்தச் சட்டமும் எழுப்பி முன்னால் கொண்டுவரவில்லை.

தன்னம்பிக்கை இல்லாததே அவர்களின் குறை என்று கூட்டங்களில் பேசுவோரைக் கண்டால் இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த நம்பிக்கையைத் தட்டிப் பறித்த கை எது என்று எனக்குத் தெரியும். இமாமின் உவமையில் அவரவர் பாவம் அவரவர் கண்ணாடியில் படிகிறது. அப்படியானால் கறை என்னுடையதில்தான். அவனுடைய கண்ணாடியை மறைத்தது வெளியிலிருந்து போன எங்கள் மூச்சு.

தொழுகையில் விட்ட குறைக்கு அல்லாஹ்விடம் தவ்பாச் செய்யலாம். அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் அல்லவா மன்னிக்க வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அவனைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவன்தான் முதலில் அடையாளம் கண்டு சிரித்தான். "வாப்பா நல்லா இருக்காங்களா?" என்றான். வாப்பா மௌத்தாகி வெகுகாலம் என்றேன். "எங்கம்மா கொப்பிய ஒரு நாளும் மறிச்சதில்ல, நல்ல மனுசன்" என்றான்.

கேட்க வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தேன், நா எழவில்லை. அக்கரப்பத்தனை பஸ் வந்தது. கை அசைத்துவிட்டு ஏறிக்கொண்டான்.